சரிபார்த்தவர் பெயர்

அழுத்தியாயிற்று. அழுத்தின பிறகுதான் மரகதவல்லிக்கு என்ன செய்தோம் என்று உறைத்தது. அதுவரை சாப்பாட்டு மயக்கத்தில் ஏதோ ஃபேன் சுவிட்சைத் தட்டுகிற மாதிரி தட்டிவிட்டாள். திரையில் முதல் டிராயிங் திறந்து, ஒரு நொடி நின்று, மூடிக்கொண்டது. அடுத்தது திறந்தது. இனி அவள் செய்ய ஒன்றுமில்லை, எல்லாம் அதுபாட்டுக்கு நடக்கும். ஒவ்வொரு டிராயிங்கின் வலது கீழ்மூலையிலும் ஒரு பெட்டி உண்டு, டைட்டில் பிளாக் என்பார்கள். கட்டடத்தின் பெயர், தேதி, வரைந்தவர் யார், சரிபார்த்தவர் யார் எல்லாம் அதற்குள் இருக்கும். இந்த ரெண்டு வருஷத்து டிராயிங் அத்தனையிலும் சரிபார்த்தவர் கட்டத்தில் என்.ஜே. என்று இருக்கிறது. அதை எடுத்துவிட்டு சி.ஏ. என்று போடவேண்டும். கையால் ஒவ்வொன்றாய்த் திறந்து மாற்றினால் வாரக்கணக்கில் முதுகு ஒடியும். அதனால் ஒரு சின்ன புரோகிராம் வைத்திருக்கிறார்கள். ஃபோல்டரைக் காட்டி, பழைய பெயர் இது, புதுப் பெயர் இது என்று சொல்லிவிட்டால் போதும், ஒவ்வொன்றாய்த் திறந்து மாற்றி மூடிக்கொண்டே போகும். நடுவில் நிறுத்த வேண்டுமென்றால் கீபோர்டின் இடதுபக்க மேல்மூலையில் எஸ்கேப் பொத்தான். ஒரு தட்டுத் தட்டினால் நின்றுவிடும். மரகதவல்லி அந்தப் பொத்தானைப் பார்த்தாள். அதன் மேல் எழுத்துகூடத் தேயவில்லை. யார் அதைத் தொட்டார்கள்!

காலையில் சார், இந்த இன்ஜினியர் ஆபீஸின் முதலாளி, கூப்பிட்டனுப்பினபோது ஏதாவது அவசர பிரிண்டாக இருக்கும் என்றுதான் போனாள். கதவைச் சாத்திட்டு வாங்க என்றார். இருபது வருஷத்தில் அந்த மனுசன் கதவைச் சாத்தச் சொன்னதே இல்லை. "நாளைக்குக் காலைல இன்ஜினியரிங் காலேஜ்ல இருந்து ரெண்டு பேரு விசாரிக்க வர்றாங்க மரகதம். அந்த மில்லு ஹாஸ்டல் பால்கனி விழுந்த விசயமா. டிராயிங்லதான் கோளாறுன்னு பேசிக்கறாங்களாம். எல்லா ஃபைலும் கேப்பாங்க. நிரஞ்சன் பேரு எதுலயும் வேண்டாம், பழையபடி சென்னியப்பன் பேரையே போட்ருங்க." நிரஞ்சன் என்றால் சாரின் மகன், வெளிநாட்டில் எம்.எஸ். முடித்துவிட்டு ரெண்டு வருஷத்துக்கு முன்னால் வந்து உட்கார்ந்தவன். ஹாஸ்டல் டிராயிங்கில் மட்டும் மாத்தினாப் போதுமுங்களா சார் என்று இவள் வாய் கேட்டுவிட்டது. கேட்டபிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள், சம்மதம் சொன்ன மாதிரி ஆகிவிட்டதே என்று. சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒண்ணுல மட்டும் மாத்துனாக் கண்ணுல குத்தும். எல்லாத்துலயும் மாத்திட்டா அதுதான் வழக்கம்னு ஆயிரும்." சைட்டில் கிடக்கிற பிரிண்டைப் பற்றி இவள் கேட்கவில்லை, அவரே சொன்னார், கான்ட்ராக்டர் என் சகலைதானே, அதெல்லாம் மழைல நனஞ்சு போச்சும்பான் என்று. கடைசியில், இவள் கதவைத் திறக்கும்போது, அக்கறையாகத்தான் சொன்னார்: "வரைஞ்சது நீங்க, உங்க பேரும் அதுல இருக்குது. அனுபவஸ்தர் ஒருத்தர் செக் பண்ணினதுன்னு இருந்தா உங்களுக்கும் நல்லதுதானே." நல்லதுதான். யார் இல்லையென்றார்கள்.

ஏ முடிந்து பி ஓடிக்கொண்டிருந்தது. ஃபைல்கள் ஆங்கில அகரவரிசையில் போகின்றன. அந்த மில்லின் பெயர் ஸ்ரீயில் ஆரம்பிக்கிறது. கோயமுத்தூரில் பாதி மில்லு ஸ்ரீயில்தான் ஆரம்பிக்கும், ஆகவே அது வர இன்னும் ரொம்ப நேரம் இருக்கிறது, அதுக்குள்ளே என்று நினைத்தாள், அதுக்குள்ளே என்ன என்று தெரியவில்லை. ஒரு கல்யாண மண்டபம் வந்து போனது. ஒரு தண்ணீர்த் தொட்டி. யாரோ ஒரு டாக்டர் வீட்டு மாடிப்படி, அதை ஏழெட்டுத் தடவை மாற்றி வரையவைத்தார் அந்த டாக்டரம்மா. வரையும்போது நாள்கணக்கில் கண்ணைப் பிடுங்கின கோடுகள், இப்போது இமைக்கிற நேரம்கூட நிற்கமாட்டேன் என்கின்றன. கழுத்துக்குப் பின்னால் அந்தப் பழைய வலி. மூக்குக்கண்ணாடி பவர் மாற்றவேண்டும், மாற்றவேண்டும் என்று போன ஆடியில் இருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஏசி சத்தம். டீ வருகிற நேரம். ஃபோன் அதிர்ந்தது. வீட்டுக்காரர். "ஏம்மா, வரும்போது தயிர் வாங்கிட்டு வந்துரு, உறை ஊத்துனது சரியா வரலை." சரிங்க என்றாள். "என்ன, குரல் ஒரு மாதிரி இருக்குது?" ஒண்ணுமில்லீங்க, தூக்கம் என்றாள். அவர் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர். பிள்ளைகளை ஏற்றுவதற்கு முன்னால் நாலு டயரையும் காலால் உதைத்துப் பார்ப்பார், தினமும். ஒருநாள்கூடப் பார்க்காமல் எடுத்ததில்லை. இவள் எத்தனை தடவை கேலி செய்திருக்கிறாள், டயருக்கு என்ன, கால் வலிக்கும் உங்களுக்குத்தான் என்று. வரைந்தவர் கட்டத்தில் எம்.வி., எம்.வி., எம்.வி. என்று அவள் எழுத்து போய்க்கொண்டே இருந்தது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற பால்கனிக்கு முக்கியக் கம்பி கான்கிரீட் ஸ்லாபின் மேல்பக்கம் வரவேண்டும். கீழே போனால் தாங்காது. இது யாருக்குத் தெரியாது? கம்பி கட்டுகிற ஆளுக்கே தெரியும். மேலேதான் போட்டேன். போட்டேனா? அந்த வாரம் ஹாஸ்டலோடு சேர்த்து ஒரு ஸ்கூல், ஒரு குடோன், எல்லாம் ஒரே நேரத்தில் தலையில் விழுந்தது. மேலேதான் போட்டிருப்பேன். சைட்டில் கம்பிமேல் ஏறி மிதித்துக் கீழே அமுக்கியிருப்பார்கள், எல்லா இடத்திலும் நடக்கிறதுதான். ஃபைலைத் திறந்து பார்த்தால் தெரிந்துபோகிறது. பேப்பரில் செய்தி வந்து மூன்று நாளாகிறது, இவள் திறந்து பார்க்கவில்லை. துணி காயப்போட நின்ற பெண்ணோடு பால்கனி இறங்கிவிட்டதாம். இடுப்பெலும்பு முறிந்து பெரியாஸ்பத்திரியில் கிடக்கிறாள். வடமாநிலப் பெண் தொழிலாளி என்றுதான் போட்டிருந்தது, ஊர் பேர் ஒன்றுமில்லை.

சி.ஏ. என்றால் சென்னியப்பன். மனுசன் ஒன்றும் தங்கமில்லை, அதையும் சொல்லிவிடவேண்டும். இவள் புதிதாக வேலைக்கு வந்தபோது அவர்தான் செக்கர். பிரிண்ட் எடுத்துக் கொடுத்தால் சிவப்புப் பேனாவோடு உட்காருவார், ஒவ்வொரு அளவின்மேலும் ஒரு புள்ளி வைத்துக்கொண்டே போவார், பாக்கு மென்றுகொண்டே. புள்ளி வைக்காத எண் ஒன்றுகூட இருக்காது. தப்பு இருந்தால் வட்டம் போட்டு, வட்டத்துக்குப் பக்கத்தில் ஆள் மனசு நோகிற மாதிரி ஏதாவது எழுதுவார். ஒருதரம் அவள் டிராயிங்கில் "இந்த வீட்டுக்கு வாசற்படி இல்லை, பறந்து போவாங்களோ?" என்று எழுதி ஆபீஸ் பூராவும் கேட்கிற மாதிரி படிக்கவும் செய்தார். அன்றைக்கு பாத்ரூமில் போய் அழுதாள். நாசமாப் போறவன் என்று திட்டக்கூடச் செய்தாள், ஆமாம், திட்டினாள். எத்தனை அவசரமானாலும் கையெழுத்துப் போடமாட்டார். கான்ட்ராக்டர் ஆள் வாசலில் நின்று காலில் விழாத குறையாகக் கெஞ்சுவான். "இருப்பா, பாக்காம எப்படி ஆமாங்கறது?" என்பார். அந்தச் சொல்லை ஒரு நாளைக்கு எத்தனை தடவை கேட்டிருப்பாள்! கேட்டுக் கேட்டு எரிச்சல். நிரஞ்சன் வந்ததும் சார் அவரை உட்காரவைத்து, அண்ணா உங்களுக்கு வயசாச்சு, ரெஸ்ட் எடுங்க, இனித் தம்பி பாத்துக்குவான் என்றார். சம்பளத்தை நிறுத்தவில்லை, வேலையைத்தான் நிறுத்தினார். ஜன்னல் ஓரம் ஒரு நாற்காலியும் தினசரியும். சிவப்புப் பேனா மட்டும் சட்டைப்பையிலேயே இருந்தது. சாயங்காலம் இவள் மேஜைப்பக்கம் வந்து நிற்பார். "ஏதாச்சும் இருந்தாக் குடு அம்மிணி, சும்மா பாக்கறேன்." டைரக்டா அனுப்பச் சொல்லிட்டாருங்ண்ணா என்பாள் இவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். சிவப்பு வட்டம் இல்லாமல் சீக்கிரம் வீட்டுக்குப் போவது சுகமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். நிரஞ்சன் செக் பண்ணினானா? டிராயிங்கைத் திறந்தானா என்றே சந்தேகம். என்.ஜே. என்று போட்டுவிட்டால் அவன் பார்த்ததாக அர்த்தம். பையனுக்கு அனுபவம் கணக்காகட்டும் என்றார் சார்.

எச். ஐ. ஜே. தீபாவளிக்கு முந்தின வாரம் சென்னியப்பனுக்குப் பக்கவாதம் வந்தது, குளித்துக்கொண்டிருக்கும்போதே. மார்கழியில் ஆபீஸிலிருந்து எல்லாரும் சூலூருக்குப் பார்க்கப் போனார்கள், ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு. கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வலது கை மடியில் கிடந்தது. பேச்சு போய்விட்டது, ஆனால் ஒரே ஒரு சொல் மட்டும் மிச்சம். "ஆமா." டாக்டர் அப்படித்தான் சிலருக்கு ஆகும் என்றாராம், எதையோ சொல்ல வாயெடுப்பார்கள், வருவது அந்த ஒரு சொல்தான். அண்ணா நல்லா இருக்கறீங்களா என்றார்கள். ஆமா. சாப்பிட்டீங்களா? ஆமா. மருந்து கசக்குதா, வேண்டாமா? ஆமா. அவர் சம்சாரம் ஓரமாய் நின்று, வேண்டாம்னு சொல்லணும்னு நெனச்சாலும் அதேதானுங் வருது, ராத்திரி தண்ணி வேணுமா போர்வை வேணுமான்னு கேட்டுக் கேட்டு நான்தான் மூஞ்சியைப் பார்த்துத் தெரிஞ்சுக்கறேன் என்றாள். மரகதவல்லி பக்கத்தில் போய், என்னைத் தெரியுதுங்களாண்ணா, எம்.வி. என்றாள். ஆமா என்றார், கண் மட்டும் வேறு என்னவோ சொன்னது. கண்ணில் தண்ணீர் நின்றது. அவளுக்கு அங்கே நிற்க முடியவில்லை, சமையலறைப் பக்கம் போய்விட்டாள். சாரும் அன்றைக்கு வந்திருந்தார். சாரும் கேட்டுக்கொண்டுதான் நின்றார். நாளைக்கு அந்த ரெண்டு பேர் சூலூருக்குப் போவார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு, மரியாதையாகவே கேட்பார்கள்: ஐயா, இந்த டிராயிங்கை நீங்கதான் செக் பண்ணீங்களா? மரகதவல்லிக்குக் காதுக்குள் அவருடைய அந்த ஆமா கேட்டது. இரண்டாவது தடவையும் கேட்டது. கை தானாக எஸ்கேப் பக்கம் போயிற்று.

போயிற்றே தவிர அழுத்தவில்லை. அழுத்தினால் என்ன சொல்வது? சார், என்னால முடியாதுங்க. சரி, வீட்டுக்குப் போங்க. நாற்பத்தாறு வயசில் இனி எந்த ஆபீஸில் போய், மூன்று பரிமாணத்தில் படம் போடுகிற சின்னப் பசங்களுக்கு நடுவில் உட்கார்ந்து, ஐயோ, நினைக்கவே வேண்டாம். இவள் மாட்டேன் என்றால் பக்கத்து மேஜைக்காரன் செய்துவிட்டுப் போகிறான், ஒரு பொத்தான்தானே. அதுவுமில்லாமல் இவளா மாற்றுகிறாள்? அதுவாக ஓடுகிறது. அப்படித்தான் தோன்றிற்று, மத்தியானத்திலிருந்து அப்படித்தான் தோன்றிக்கொண்டிருக்கிறது. டீ வந்தது, ஏடு படிந்து ஆறிப்போனது. எஸ் தொடங்கிவிட்டது. ஸ்ரீ, ஸ்ரீ, ஸ்ரீ. ஒரு ஜின்னிங் ஃபேக்டரி, ஒரு கோயில் அன்னதானக் கூடம். அந்த மில்லின் பெயர் வந்தது. காம்பவுண்டுச் சுவர். கேன்டீன். ஹாஸ்டல், தரைத்தளம். உள்ளங்கையைச் சேலையில் துடைத்தாள். இந்த நொடி தட்டினால்கூட நிற்கும், இந்த நொடி. ஹாஸ்டல் முதல்தள டிராயிங் திறந்தது. திறந்து, நின்றது, மற்றதைவிட ஒரு நொடி கூடுதலாக. மூடியது. கீழே ஓடுகிற வரியில் ஒரு செய்தி விழுந்தது: இந்த ஃபைலில் டைட்டில் பிளாக் கிடைக்கவில்லை, விட்டுவிட்டேன். அப்புறம் ஏதும் நடவாத மாதிரி அடுத்த ஃபைலுக்குப் போயிற்று. டி, வி, எல்லாம் போய்க் கடைசியில் வேலை முடிந்தது என்றது. எல்லாவற்றிலும் சென்னியப்பன் பார்த்ததாக ஆகிவிட்டது, ஒன்றைத் தவிர. எதற்காக இத்தனையும் ஓடியதோ அந்த ஒன்றைத் தவிர.

எப்படிக் கிடைக்காமல் போகும் என்று அவளுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அட கடவுளே, அந்த நாள். நிரஞ்சன் அப்போது வேலைக்கு வந்த புதிது, பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெண் வீட்டுக்காரர்கள் ஈரோட்டில் பெரிய கை, மாப்பிள்ளை நிஜமாகவே ஆபீஸுக்குப் போகிறாரா என்று விசாரித்தார்களாம். தன் பெயர் போட்ட ஒரு டிராயிங்கை ஃபோட்டோ எடுத்து அனுப்ப இவனுக்கு ஆசை. என்.ஜே. என்று ரெண்டு எழுத்து போதாது, முழுப் பெயரும் படிப்பும் வேண்டும். அந்தக் கட்டத்தில் எழுத்தை எப்படி மாற்றுவது என்று தெரியாமல், கேட்கவும் கௌரவம் விடாமல், மொத்த டைட்டில் பிளாக்கையும் எக்ஸ்ப்ளோடு பண்ணிவிட்டான். அப்படி உடைத்துவிட்டால் அது வெறும் கோடும் எழுத்தும்தான், பெட்டி என்று புரோகிராமுக்குத் தெரியாது. வேலை கற்றுக்கொள்கிற பசங்க எல்லாரும் ஒருதரம் செய்கிற தப்பு. இவள்தான் அன்றைக்குச் சிரித்துவிட்டு அப்படியே விட்டுவிட்டாள். இப்போது கையால்தான் மாற்றவேண்டும். மரகதவல்லி ஃபைலைத் திறந்தாள். நேரே மூலைக்குப் போ, வேறெங்கும் பார்க்காதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கண் கேட்டால்தானே. பால்கனி வெட்டுப்படம் நடுவில் பெரிதாக நின்றது. கம்பி கீழே இருந்தது. கீழேதான். அறைக்குள் இருக்கிற ஸ்லாபை அப்படியே காப்பி எடுத்து, வெளியே இழுத்து நீட்டி, பால்கனி என்று பெயர் வைத்திருக்கிறாள். இழுக்கும்போது கம்பியும் கூடவே கீழேயே நீண்டு வந்துவிட்டது. தூக்கி மேலே வைக்க மறந்திருக்கிறாள். பக்கத்திலேயே எம்.வி. இதைச் சென்னியப்பன் பார்த்திருந்தால் ஒரு புள்ளி வைக்குமுன்னே வட்டம் போட்டிருப்பார், ஆபீஸ் பூராவும் கேட்கும்படி கத்தியிருப்பார், அந்தப் பொண்ணு துணி காயப்போட்டுவிட்டு உள்ளே போய்த் தூங்கியிருக்கும். இப்போதுகூட ரெண்டு நொடி வேலை, கம்பியைப் பிடித்து மேலே வைத்துவிடலாம். சுட்டியைக் கொண்டுபோய்க் கம்பிமேல் வைக்கக்கூடச் செய்தாள். வைத்துவிட்டால் அப்புறம் அந்தப் பெண் விழுந்தது யாராலும் இல்லை. கையை எடுத்துக்கொண்டாள். அழுகை வரவில்லை, வந்திருந்தால் தேவலாம்.

மூலைக்குப் போனாள். நிரஞ்சன் ஜே., எம்.எஸ்., என்று கட்டத்துக்குள் அடங்காமல் கோட்டைத் தாண்டி நின்றது. அழித்தாள். காலியான இடத்தில் சின்னக் கோடு ஒன்று விட்டுவிட்டு மினுங்கியது, எழுது எழுது என்று. சி என்று தட்டினாள். புள்ளி. ஏ. இது அதுவாக ஓடவில்லை, இது இவள் விரல். பாக்காம எப்படி ஆமாங்கறது. இந்த ஒரு கட்டத்தில் அவர் பெயர் இருந்தால், கம்பி கீழே கிடப்பதைப் பார்த்துவிட்டுச் சரி என்று சொன்ன ஆளாகிறார் அவர். வாழ்நாள் பூராவும் ஒரு எண்ணைக்கூடப் புள்ளியில்லாமல் விடாத மனுசன். ஊர் வந்து கேட்கும், அவரும் ஆமா என்பார், இல்லை என்று சொல்லத்தான் முட்டி மோதுவார், வருவது ஆமாதான். மரகதவல்லி பின்னோக்கி அழித்தாள். ஏ. புள்ளி. சி. கட்டம் வெறுமனே நின்றது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு யார் பெயரைப் போட? யோசித்து யோசித்துப் பார்த்தாலும் போட ஒரு பெயர் இல்லை. யாரும் பார்க்கவில்லை. அதுதான் நடந்தது. அப்படியே சேமித்தாள். பிறகு புரோகிராமை மறுபடி திறந்தாள். அதே ஃபோல்டர், இந்த ரெண்டு வருஷம் மட்டும், அவர் நிஜமாகவே பார்த்த பழைய வருஷங்களைத் தொடவில்லை. பழைய பெயர்: சி.ஏ. புதுப் பெயர் என்ற இடத்தில் ஒன்றும் எழுதவில்லை. ரன். அது உடனே ஓடாமல் ஒரு கேள்வி கேட்டது: புதுப் பெயர் காலியாக இருக்கிறது, தொடரலாமா? கேட்கும், அதன் வேலை அது. நாளைக்கு வரிசையாய்க் கேட்கப்போகிறவர்களில் இதுதான் முதல். வரைந்தவர் மட்டும் தனியாக நிற்பார் டிராயிங்கில், பக்கத்தில் துணைக்கு ஒரு பெயர் இல்லாமல். தெரியும். ஆமாம் என்ற பொத்தானை அழுத்தினாள். ஏ-யிலிருந்து மறுபடி டிராயிங்குகள் திறந்து மூடத் தொடங்கின. இந்தத் தடவை அவள் எஸ்கேப் பக்கம் பார்க்கவில்லை, ஆறின டீயை ஒரே மடக்கில் குடித்தாள்.

வெயில் இறங்கி, பக்கத்து மேஜைக்காரர்கள் பை தூக்குகிற நேரத்துக்குச் சார் கார் சாவியோடு வந்து நின்றார். அவள் எழுந்தாள்.

"முடிஞ்சுதுங்களா மரகதம்?"

"முடிஞ்சுதுங் சார்." ஃபைல்களை ஏற்றின பென்டிரைவை நீட்டினாள்.

"எல்லாத்துலயும்?"

"எல்லாத்துலயுமுங்க. ஹாஸ்டல் ஃபைல் மட்டும் மாட்டேன்னுது, கையால மாத்துனனுங்."

"பேரு சரியாப் போட்டிருக்குதுல்ல?"

"யாரு செக் பண்ணுனாங்களோ அவங்க பேருதானுங் சார் இருக்குது."

சார் தலையாட்டினார். ரொம்ப நாளைக்கப்புறம் அவர் முகம் தெளிந்திருந்தது. "நல்லது. வரைஞ்சது உங்க பேரு?"

"அது அப்படியேதானுங் இருக்குது."

"இருக்கட்டும், இருக்கட்டும். அதனால ஒண்ணும் வராது, நான் பாத்துக்கறேன்" என்று பென்டிரைவைச் சட்டைப்பையில் போட்டு, இருக்கிறதா என்று ஒருதரம் தட்டிப் பார்த்துக்கொண்டார்.